பட்டறை மேசைக்கு டிராயர்: சேனலா, நாக்கா?

சேலம் குகையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறடி மேசை, அதன் மேல் வைஸ், கிரைண்டர், சுருட்டும் மெஷின் எல்லாம் இருக்கிறது, ஆனால் கீழே ஒரு டிராயர்கூட இல்லாமல் எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். 6202 பேரிங் வேண்டுமென்றால் நாலு டப்பாவைக் கவிழ்த்துத் தேட வேண்டும். போன வருஷம் ஒரு நாள் கஸ்டமரை உட்கார வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஒரு கெப்பாசிட்டரைத் தேடியபோதுதான் புத்தி வந்தது.

ஹார்டுவேர் கடையில் போய் "ஒன்பது டிராயர் போடணும்" என்றேன். கடைக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை, நேராக டெலஸ்கோபிக் சேனலை, அதாவது டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளத்தை, எடுத்து மேஜையில் வைத்தார். பதினெட்டு இஞ்ச், ஒன்பது ஜோடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஜோடி சேனல் விலைக்கு ஒரு டிராயருக்கான பலகையே வந்துவிடும் போலிருந்தது. அதாவது எல்லாவற்றுக்கும் சேனல் போட்டால் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாலு விதமாகச் செய்து பார்த்தேன், சிலதை என் மேசையிலும் சிலதை ஏற்காட்டில் மச்சான் ஷெட்டிலும். பெட்டி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சண்டை முழுக்க அது எதன் மேல் ஓடுகிறது என்பதில்தான். அதனால் பெட்டியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

என் மேசையில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று டிராயர், மீதி இடம் காலை நீட்ட. ஒவ்வொரு வரிசையிலும் டிராயர் நுழையும் வாய் 16 இஞ்ச். பெட்டி 15 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் ஆழம், 4 இஞ்ச் உயரம். 12 எம்.எம். ப்ளைவுட் 8க்கு 4 ஷீட் ஒன்றை நீளவாக்கில் 4 இஞ்ச் பட்டையாக அறுத்தால் பன்னிரண்டு வர வேண்டும், ஆனால் ரம்பம் தின்பது போக பதினொன்றுதான் வரும். ஆறு பட்டையில் 18 இஞ்ச் துண்டு, பட்டைக்கு ஐந்து. ஐந்து பட்டையில் 14 இஞ்ச் துண்டு, பட்டைக்கு ஆறு. ஆக ஒரே ஷீட்டில் 15 டிராயருக்குச் சுற்றுப்பலகை. எனக்கு வேண்டியது ஒன்பதுதான், மீதி மச்சானுக்குப் போனது. அடிப்பலகை 6 எம்.எம்.

மூலைக்கு டவ்டெயில் கோர்ப்பு எல்லாம் வேண்டாம். ஃபெவிகால், ஸ்க்ரூ போதும். ஆனால் ஒன்று: முன்பலகையும் பின்பலகையும் இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவில் உட்கார வேண்டும், ஸ்க்ரூ பக்கவாட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். முன்பக்கத்திலிருந்து பக்கப் பலகையின் விளிம்புக்குள் ஸ்க்ரூ அடித்தால், ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் நீங்களே அந்த ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ப்ளையின் விளிம்பு பிளக்கும், அதனால் முதலில் சின்ன பிட்டில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பார்ட்டிக்கிள் போர்டு மலிவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஸ்க்ரூ நிற்காது, ஒரு தடவை தண்ணீர் பட்டால் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

சேனலின் சுகத்தை மறுக்க முடியாது. மூன்று துண்டாக நீண்டு டிராயர் முழுவதும் வெளியே வந்துவிடும், கடைசி மூலையில் கிடக்கும் ஸ்லீவ் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். 35 கிலோ, 45 கிலோ என்று தாங்கும் எடையைப் போட்டே விற்கிறார்கள். ஆனால் அது அளவில் துளியும் விட்டுக்கொடுக்காது. பக்கத்துக்கு 4 நூல், அதாவது அரை இஞ்ச் இடைவெளி, கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, மைக்கா துண்டை வைத்து அடைத்துக்கொள்ளலாம். குறைந்தால் போச்சு, இறுகிப்போய் நிற்கும். நான் சேனல் போட்ட முதல் டிராயரில் வாயை முன்பக்கம் மட்டும் அளந்தேன். சரியாக 16. போட்டேன், பாதி தூரம் வெண்ணெய் மாதிரி போனது, அப்புறம் நின்றுவிட்டது. உள்ளே பின்பக்கம் அளந்தால் 4 எம்.எம். குறைவு, வரிசைகளைப் பிரிக்கும் நடுப்பலகை சாய்ந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விட்டது. முன்னாலும் அளந்து பாருங்கள், பின்னாலும் அளந்து பாருங்கள், நடுவிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

இன்னொரு தொல்லை தூசு. என் கிரைண்டர் மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே இருக்கும் சேனலில் இரும்புப் பொடி போய் கிரீஸோடு குழைந்து அரைக்கும் கல் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. கழற்றத் தெரியாமல் பலபேர் பிடுங்கி உடைக்கிறார்கள்: முழுவதும் இழுத்தால் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நெம்பு தெரியும், ஒன்றை மேலே தூக்க வேண்டும், மற்றதைக் கீழே அழுத்த வேண்டும், ஒரே நேரத்தில். பழகிவிட்டால் இரண்டு நொடி வேலை.

நாக்கு டிராயர் என்று நான் சொல்வது இதுதான். அடிப்பலகையைப் பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமாக அறுத்து, இரண்டு பக்கமும் 3 நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கீழிருந்து ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிட வேண்டும். மேசையின் நடுப்பலகையில் கீழே ஒரு ரீப்பர் (மரச் சட்டம்), மேலே ஒரு 9 எம்.எம். பட்டை, நடுவில் 8 எம்.எம். சந்து. நாக்கு அந்தச் சந்தில் ஓடும். கீழே இருக்கும் ரீப்பர் ஒரு இஞ்ச் கனம் இருந்தால் பெட்டியின் விளிம்புக்கு அடியிலேயே வந்துவிடும், எடை அதன் மேல் உட்காரும். மேல் பட்டையின் வேலை, டிராயரை இழுக்கும்போது மூக்குக் குத்தாமல் பிடித்துக்கொள்வது. செலவு? மிச்சம் மீதித் துண்டுகள், ஒரு மெழுகுவர்த்தி. மெழுகை ரீப்பரிலும் நாக்கின் அடியிலும் அழுத்தித் தேய்த்தால் பட்டு மாதிரி ஓடும். எண்ணெயும் கிரீஸும் போடாதீர்கள், மரம் குடித்துவிடும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

ஏன் 3 நூல், ஏன் அரை இஞ்சாகவே விடக்கூடாது என்று கேட்டால், அரை இஞ்ச் விட்டால் அடிப்பலகை 16 இஞ்ச், 4 அடி ஷீட்டின் குறுக்கே மூன்று வராது, ரம்பம் அறுத்த தூளாகவே கால் இஞ்ச் போய்விடும். 15¾ என்றால் மூன்று வரும், வாய்க்கும் நாக்குக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு நூல் விளையாட்டும் கிடைக்கும்.

குறையும் இருக்கிறது. டிராயரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழுக்கக் கூடாது, ஸ்டாப்பர் இல்லாவிட்டால் முழுதாகக் காலில் வந்து விழும். பின்பலகையின் உட்பக்கம் ஒரே ஸ்க்ரூவில் சுழலும் சின்னக் கட்டை ஒன்று வைத்திருக்கிறேன், நிமிர்த்தினால் மேசையின் குறுக்குச் சட்டத்தில் இடித்து நிற்கும், படுக்க வைத்தால் டிராயர் கையோடு வந்துவிடும். இந்தக் கையோடு வருவது எனக்குப் பிடித்த விஷயம். போர்வெல் மோட்டார் பார்க்க வெளியே போகும்போது டூல்ஸ் டிராயரை அப்படியே உருவி வண்டியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

சரி, எடை. ஒன்பதையும் நாக்கு டிராயராகத்தான் முதலில் போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, இடது வரிசையில் கீழ் டிராயரில் செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கும் வரைக்கும். செம்பின் எடை தெரிந்தே செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் பின்னால் கிடந்த சுருளை எடுக்க வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தேன், முன்பக்கம் தாழ்ந்தது, பின்னால் நாக்கு மேல் பட்டையை நெம்பி 'படக்' என்று முறிந்தது. 6 எம்.எம். ப்ளை, 3 நூல் நீட்டம், வேறென்ன ஆகும். சுருள் ஒன்று உருண்டு வாசல் படி வரைக்கும் போனது.

ஆனால் அன்றைக்குத்தான் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. 16 இஞ்ச் வாயில் 15 இஞ்ச் பெட்டி, பக்கத்துக்கு 4 நூல் காலி. சேனல் கேட்பதும் அதே 4 நூல்! ரீப்பரையும் பட்டையையும் கழற்றிவிட்டு, அதே பெட்டிக்கு அதே வாயில் சேனல் போட்டேன். புதிதாக எதுவும் அறுக்கவில்லை, அடிப்பலகையை மட்டும் மாற்றினேன். நாக்கு டிராயரில் எடை ரீப்பரில் உட்காருகிறது, அடிப்பலகைக்குச் சிரமமில்லை. சேனலில் எடை முழுக்கப் பக்கப் பலகையில் தொங்கும், அடிப்பலகை கீழிருந்து போட்ட ஸ்க்ரூக்களை மட்டும் நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் கனமான சாமான் போகும் டிராயருக்கு 12 எம்.எம். அடிப்பலகை, நெருக்கமாக ஸ்க்ரூ. அப்புறம் மேசையைச் சுவரில் போல்ட் போட்டுப் பிடித்துவிடுங்கள், கனமான டிராயர் முழுதாக வெளியே வந்தால் லேசான மேசை முன்னால் சாயும்.

அதனால் என்னைக் கேட்டால், முதலில் எல்லாவற்றையும் நாக்காகப் போடுங்கள், ஆனால் இடைவெளியை மட்டும் சேனலுக்கு உள்ளபடி விட்டுவிடுங்கள். எந்த டிராயர் முனகுகிறதோ அதற்கு அப்புறம் சேனல் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷம் ஆகிறது, ஒன்பதில் இரண்டுதான் முனகியிருக்கின்றன: செம்பு ஒன்று, பேரிங் ஒன்று.

மற்ற இரண்டு வழியையும் சொல்லிவிடுகிறேன். பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் ஒரு ரீப்பர் ஓடும்படி செய்வது பழைய ஆசாரிகளின் வழி. எனக்குத் தெரிந்த ஆசாரி அண்ணன் ஒருவர் இதைத் தவிர வேறெதையும் டிராயர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். முக்கால் இஞ்ச் வேங்கையில் செய்தால் நம் பேரன் காலம் வரை ஓடும், சந்தேகமில்லை. ஆனால் 12 எம்.எம். கமர்ஷியல் ப்ளையில் 6 எம்.எம். காடி எடுத்தால் மிச்சம் இருப்பது பாதிதான், உள்ளே ஓட்டை விழுந்த ப்ளையாக இருந்தால் காடி ஓரமே உதிர்ந்து வரும். ஒன்று செய்து பார்த்தேன், போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் ரெடிமேட். பிளாஸ்டிக் ட்ரேயின் விளிம்பை இரண்டு ரீப்பர் மேல் தொங்கவிட்டால் அரை மணியில் டிராயர் தயார், நட்டு போல்ட்டுக்குப் போதும், கனம் வைத்தால் நடு வயிறு தொங்கி விளிம்பு நழுவிவிடும். பழைய ஸ்டீல் மேசையைக் காயலான் கடையில் பார்த்தால் டிராயரோடும் கூட்டோடும் வெட்டி வாங்கிக்கொள்ளலாம், மலிவுதான், ஸ்டீல் பிளான்ட் இருக்கும் ஊரில் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி. ஆனால் அளவு அவர்கள் வைத்ததுதான், இழுக்கும்போது வரும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு இது எதுவுமே ஆகாது. அவருக்கு டிராயர் என்பது சாமான் வைக்க அல்ல, அரத்தில் உதிரும் வெள்ளித் தூளைப் பிடிக்க. மூலையில் நூல் அளவு சந்து இருந்தாலும் காசு தரையில் கொட்டுகிற மாதிரி. என் பெட்டியைப் பார்த்துவிட்டு முதலில் மூலையைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் சேலத்து வெயிலுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கணக்கு மாறிவிடுகிறது.

மச்சான் ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்த்துக்கொள்கிறான். மீந்த பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஷெட்டில் ஏற்கெனவே மூன்று டிராயர் செய்து வைத்திருந்தான். தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற நட்ட சில்வர் ஓக் மரத்தில் ஒன்று சாய்ந்திருக்கிறது, அதையே அறுத்துப் பலகையாக்கி, ஆறு இஞ்ச் உயரத்தில் பெட்டி. பங்குனியில் பார்த்தபோது அருமையாக ஓடியது, நானே மெச்சினேன். ஐப்பசியில் போன் பண்ணினான்: "மாமா, டிராயர் திறக்கவே மாட்டேங்குது, உள்ள சாவி மாட்டிக்கிச்சு."

மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, குறுக்குவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும். ஆறு இஞ்ச் உயரப் பலகை என்றால் அந்த ஆறு இஞ்ச்தான் வளரும், மேலே இடிக்கும். மலையில் ஆனி தொடங்கி கார்த்திகை வரை மழையும் மூடுபனியும், ஈரம் இறங்குவதே இல்லை. ப்ளையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் இந்த ஆட்டம் மிகக் குறைவு. ஆனால் அங்கே கமர்ஷியல் ப்ளை ஆகாது, ஒட்டு விட்டுப்போகும். கடையில் எல்லாவற்றையும் 'வாட்டர் ப்ரூஃப்' என்பார்கள், முத்திரையைப் பாருங்கள்: ஐ.எஸ். 303 என்பதில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது, கமர்ஷியல் என்பது இதுதான்), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரும் தாங்குவது) இரண்டுமே வரும், மலைக்கு வேண்டியது பி.டபிள்யூ.ஆர். 710 என்றால் மரைன், டிராயருக்கு அது ஆடம்பரம். நான் கொண்டுபோன மீதிப் பலகை கமர்ஷியல்தான் என்பதால் அது அவன் வீட்டுக்குள் அலமாரிக்குப் போனது, ஷெட்டுக்கு வேறு ஷீட் வாங்கினோம். நாக்கு ஓடும் சந்தையும் 8க்குப் பதில் 10 எம்.எம். விட்டோம், வாயிலும் பக்கத்துக்கு இன்னொரு நூல்.

அங்கே அவன் போட்டிருந்த சேனலும் தோற்றுவிட்டது, அதற்கு மழை மட்டும் காரணமில்லை. காபிக்கும் மிளகுக்கும் பூஞ்சை மருந்தாகப் போர்டோ கலவை அடிக்க மயில்துத்தம் வாங்கி ஒரு டிராயரில் போட்டிருந்தான், பை ஓரத்தில் கிழிசல். ஈரக் காற்றில் அது கசிந்து சேனல் மேல் படிந்திருக்கிறது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அது இரும்பு மேல் பூசிய துத்தநாகத்தைத் தின்றுவிட்டு அப்புறம் இரும்பையும் தின்னும். ஒரே மழைக்காலத்தில் மூன்று டிராயரின் மூன்று ஜோடியும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. இப்போது அந்த ஷெட்டில் எல்லாமே நாக்கு டிராயர், மயில்துத்தம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், தரையில்.

கழற்றிய சேனல்களை "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு ஜோடி தேறாது. மற்ற இரண்டும் பழைய பெயின்ட் வாளியில் டீசலில் ஊறிக்கொண்டிருக்கின்றன, நேற்று எடுத்து ஆட்டிப் பார்த்தேன், குண்டுகள் கொஞ்சம் உருள்கின்றன. பிழைத்தால் இரண்டாவது வரிசை ஸ்பேனர் டிராயரின் நாக்கைச் சீவ வேண்டியதுதான், அதுவும் லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது.