வேகத்தடையா, உயர்த்திய நடைக்கடவா?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளி வாசலுக்கு வேகத்தடை நல்லதா, ஆட்கள் கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திப் போடும் நடைக்கடவு நல்லதா என்று தெருவே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

செலவு: வேகத்தடைக்குக் கொஞ்சம் தாரும் வெள்ளைப் பெயிண்ட்டும் போதும். கடவுக்குக் கூடுதலாக ஆகும்.

வேகம்: இரண்டுமே குறைக்கும். சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் 3.7 மீட்டர் அகலம் (வண்டி ஓடும் திசையில்), 10 சென்டிமீட்டர் உயரத்தில் போட்ட வேகத்தடை, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு வண்டியை இறக்கும். நம் தெருக்களில் பல தடைகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கின்றன. ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கு அது தண்டனை.

நடப்பவர்: இங்கேதான் பெரிய வித்தியாசம். வேகத்தடை வண்டிக்கானது. கடவோ நடைபாதை மட்டத்திலேயே எதிர்ப்புறம் வரை போகிறது. மூட்டுவலிப் பாட்டியோ சக்கர நாற்காலியில் வருபவரோ இறங்கி ஏற வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் ஓட்டுநர் கண்ணில் நன்றாகப் படுவார்கள்.

மழை: கடவு நீரைத் தடுக்கும். இருபுறமும் வடிகால் வாய் வைக்காவிட்டால் ஐப்பசியில் தெரு குளமாகிவிடும்.

பள்ளி, சந்தை, மருத்துவமனை வாசல் என்றால் கடவுதான். ஆள் அதிகம் கடக்காத உள்தெருவுக்கு வேகத்தடை போதும். துறைமுக லாரிகள் ஓடும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு இரண்டுமே சரிவராது, அங்கே சிக்னல்தான் வேண்டும்.