ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆதாம்: எச்சில் சோதனை கிட் வாங்கிய அனுபவம்

போன கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் மூதாதையரைக் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ கிட் இரண்டு வாங்கினேன். ஒன்று ஏழாயிரத்துச் சொச்சம். எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஆண்வழி பார்க்க அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் வேண்டும், அது என்னிடம் கிடையாது. நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவள். ஞாயிறு பூசை முடிந்ததும் புதூரில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் வரும்: "டீச்சர், ஆதாமா, குரங்கா?"

ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு உசிலம்பட்டிப் பக்கத்துச் சோதிமாணிக்கம் கிராமத்தில் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் கிளம்பி வந்தவர்களோடு சேர்த்துப் பேசப்படும் குறி அது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்குச் செக்கானூரணிப் பக்கம். நம்மிடமும் இருந்தால்?

துப்புவது லேசான வேலை இல்லை. அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் கூடாது. குழாயில் கோடு வரை எச்சில் வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. தம்பி வாயில் பாக்குத் தூளோடு துப்பி அனுப்பிவிட்டான். மாதிரி தேறவில்லை என்று வந்துவிட்டது. இரண்டாவது குழாயை இலவசமாகத்தான் கொடுத்தார்கள், கூரியர் செலவு மட்டும் நம் தலையில். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வாரம் என்றவர்கள் பதினொரு வாரம் ஆக்கியதும், போன் எடுக்காததும் குறைதான்.

ரிசல்ட்: தென்னிந்தியர், 97 சதவீதம். இதை முக்குக் கடை அண்ணாச்சி ஓசியில் சொல்லியிருப்பார். அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்துப் பார்த்தால் என் தாய்வழி எம் என்ற குழு (எம்130 வேறு, இது வேறு). இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் அதுதான். தம்பிக்கு ஆண்வழியில் ஹெச் என்ற குழு வந்தது. எம்130 இல்லை. சரி, போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது அடுத்த பக்கத்தில். ஒரு மரம், கீழே ஆணும் பெண்ணும், மேலே 'உங்கள் ஆதாம், உங்கள் ஏவாள்' என்று தலைப்பு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்: "பாத்தியா, வேதம் சொன்னது சரியாப் போச்சு." தம்பி அதே பக்கத்தைக் காட்டி, "ரெண்டு லட்சம் வருஷத்துக்கு முந்தினு போட்டிருக்கு, அப்ப பைபிள் பொய்" என்றான். ஒரே படம், இரண்டு பேருக்கும் தப்பான பாடம்.

அந்த 'ஆதாம்' என்பது, இன்றைய ஆண்கள் எல்லோருடைய ஒய் குரோமோசோமையும் அப்பா, தாத்தா என்று பின்னால் தொடர்ந்தால் போய்ச் சேரும் ஒருவன். 'ஏவாள்' அதேபோல் தாய்வழியில் போய்ச் சேரும் ஒருத்தி. ஒய் எப்படி நின்றுபோகும் என்று பார்க்க என் பெரிய மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் பெண் பிள்ளைகள். அவருடைய ஒய் குரோமோசோம் அவரோடு போயிற்று, ஆனால் அவர் மூக்கு பேத்திகள் முகத்தில் அப்படியே இருக்கிறது. அந்த 'ஆதாம்' காலத்தில் வாழ்ந்த மற்ற ஆண்கள் பலரும் இப்படித்தான். அவர்கள் பங்கும் நமக்குள் இருக்கிறது, ஒய் மட்டும்தான் தொடரவில்லை. அவன் ஒரே ஆண் இல்லை, முதல் மனிதனும் இல்லை. அந்த 'ஏவாளை' அவன் பார்த்திருக்கவே வேண்டியதில்லை, இருவர் காலமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நம் முன்னோர் கூட்டம் எந்தக் காலத்திலும் இரண்டு பேர் அளவுக்குச் சுருங்கவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் மரபியல் காட்டுவது.

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்கு முடிச்சு விழுந்திருப்பதும் இங்கேதான், குரங்கில் இல்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடல், மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை என்றது, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்ற நிபந்தனையோடு. ஆனால் ஒரே ஜோடி அல்ல, பல முதல் பெற்றோர் என்ற கருத்து, ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் வருகிறது என்று திருச்சபை சொல்லும் ஜென்மப் பாவத்தோடு எப்படி ஒத்துப்போகும் என்பது புலப்படவில்லை, அதனால் விசுவாசிகள் அதை ஏற்க முடியாது என்றும் எழுதினார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்றார். 2004இல் வத்திக்கானின் இறையியல் குழு, முதல் மனிதர்கள் தனி நபர்களாகத் தோன்றினாலும் கூட்டமாகத் தோன்றினாலும் என்று இரண்டுக்கும் இடம் வைத்தே எழுதியது. திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு, ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைச் சொல்லும் பைபிளின் தொடக்கநூல் மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது, ஆனாலும் அது சொல்வது நிகழ்ந்த ஒன்றை என்கிறது. அந்த 'நிகழ்ந்த ஒன்று' ஆயிரம் பேர் கூட்டத்தில் எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், முடிச்சு இன்னும் அவிழவில்லை என்றுதான் சொல்கிறேன். குழாயில் விழுந்த எச்சிலில் ஆன்மா வராது என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

கம்பெனிக்கு எழுதினேன், பெயரையாவது மாற்றுங்கள் என்று. அந்தப் பெயர்கள் ஆராய்ச்சியாளர்களே புழங்குபவை என்று பதில் வந்தது. உண்மைதான். ஆனால் மரத்தடியில் ஜோடியாக நிறுத்திப் படம் போடச் சொன்னது யார்?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். விலங்கியல் டீச்சர்கள் தாராளமாக வாங்கலாம், ஒரு வாரப் பாடம் ஓடும். பரம்பரைப் பெருமை தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். இப்போது அம்மாவும் தனக்கு ஒன்று கேட்கிறாள். அம்மாவின் தாய்வழி என்னுடையதேதான், தனியாகக் காசு போட வேண்டாம் என்றால், "எனக்கு வயசு கூட, என் ஏவாள் இன்னும் பழசா இருப்பா" என்கிறாள்.