கன்னம் வழவழப்பாகிவிட்டது, குழிகள் அப்படியே இருக்கின்றன

குளச்சல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். காலையும் மாலையும் மைதானத்து வெயில்தான். பரு ஆறிய இடங்களில் கறுப்புத் தழும்பு, நெற்றியோரத்தில் குழிகள், மூக்கைச் சுற்றிச் சொரசொரப்பு. இதற்காக நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் மைக்ரோடெர்மாப்ரேஷன், அதாவது கருவியால் முகத்தோலை மெல்லத் தேய்த்தெடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக மொத்தம் ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் 1,800 ரூபாய்.

முதல் நாள் மருத்துவர் கருவியைத் தொடவே இல்லை. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டதுண்டா, எப்போது நிறுத்தினீர்கள், உதட்டோரம் கொப்புளம் வருமா என்று கேட்டார். தாடையில் பழுத்திருந்த இரண்டு பருக்கள் ஆறட்டும் என்று திருப்பி அனுப்பினார். "இது தோலின் மேலடுக்கை மட்டும்தான் தேய்த்தெடுக்கும். குழிகள் நிரம்பும் என்று நம்பி வராதீர்கள்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே மறுபடி போனேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அழகு நிலையத்தில் இதையே செய்துகொண்டபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அழுத்தித் தேய்த்ததில் கன்ன எலும்பின் மேல் பழுப்புத் திட்டு விழுந்து, மறைய ஐந்து மாதம் பிடித்தது. நம் மாநிறத் தோல் புண்பட்டால் கறுத்துத்தான் ஆறும். அது தெரியாதவர் கையில் இந்தக் கருவியைக் கொடுக்கவே கூடாது.

அலுமினியம் ஆக்சைடு துகளைப் பீய்ச்சும் முறையும் உண்டு. இங்கே வைரத்துகள் பதித்த முனை. அது தேய்க்கும்போதே உதிரும் தோலைக் குழல் உறிஞ்சிக்கொள்கிறது. உதவியாளர் இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, ஓரிடத்திலும் நிற்காமல் கோடு கோடாக ஓட்டினார். பூனை நக்குவது போல இருந்தது. மூக்கோரத்தில் மட்டும் கண்ணில் நீர் முட்டியது. அரை மணி நேரத்தில் முடிந்ததும் குழலுக்குள் இருந்த பஞ்சு வடிகட்டியை எடுத்துக் காட்டினார். வெள்ளையாகப் போட்டது, மாவு அப்பியது போலச் சாம்பல் நிறத்தில் வந்தது. அத்தனையும் என் முகத்தின் செத்த தோல்!

அன்று இரவு முகம் சிவந்து காந்தியது, விடிந்ததும் தணிந்துவிட்டது. வெயிலில் நிற்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. வெள்ளிக்கிழமை மாலையாகக் கேட்டு வாங்கி, சனி, ஞாயிறு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். திங்கள் முதல் தொப்பி, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபூச்சு. விளையாட்டுப் போட்டிகள் நடந்த வாரம் மட்டும் ஒரு முறையைத் தள்ளிப் போட்டேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகு அம்மா கன்னத்தைத் தடவி, "என்ன மக்களே, வெண்ணெய் மாதிரி இருக்கிறது?" என்றார். சொரசொரப்பு முழுக்கப் போய்விட்டது, தழும்பின் கறுப்பு பாதியாகியிருக்கிறது. நேரம் சொல்லியிருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் காக்க வைத்தது மட்டும்தான் குறை.

நெற்றியோரக் குழிகளுக்கு ஊசிமுனைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஆனிச் சாரல் பிடித்து வெயில் தணிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.