கல்யாண டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய கல்யாண சிடி, டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்த கடைகள் நம் பக்கம் பெருகிவிட்டன. காரைக்குடியில் அப்படி ஒரு கடையில் கொடுத்து எங்களுக்குக் காசும் போனது, சில பதிவுகளும் போயின. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வேறு எந்தக் கடையில் நடந்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

தேவகோட்டை வீடு வருடத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. பிள்ளைகள் சென்னையில், கோயம்புத்தூரில், மலேசியாவில். இரண்டாம் கட்டு அலமாரியில் அறுபது டிஸ்க் வரை இருந்தன. அத்தைமார் கல்யாணங்கள், ஐயாவுக்கு வயது நிறைந்தபோது செய்த சாந்திக் கல்யாணம், ஆண் பிள்ளைகளுக்குச் செய்யும் கார்த்திகைப் புதுமைச் சடங்கு, பிள்ளையார் நோன்பன்று அப்பத்தா மாவில் திரி ஏற்றிய இழையை எல்லோருக்கும் வரிசையாகக் கொடுப்பது. அப்பத்தா குரல் இருப்பது அந்த டிஸ்க்குகளில் மட்டும்தான். வீட்டில் எழுதும் டிவிடியில் பதிவு நிற்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். பூட்டிய வீட்டுச் சூட்டில் அந்தச் சாயம் கெட்டுக்கொண்டே வரும். அதனால்தான் அம்மா அவசரப்பட்டார்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். "ஆச்சி, கவலையே படாதீங்க, எல்லாத்தையும் 4கே-யா மாத்தி 2 டிபி பென்டிரைவ்ல தர்றேன்" என்றார். டிஸ்க்குக்கு 150 ரூபாய், பென்டிரைவுக்குத் தனி. சொன்ன தேதியில் பென்டிரைவும் வந்தது. கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். எல்லா ஃபைலும் பெயரோடு, அளவோடு வரிசையாக இருந்தன. முதல் இரண்டை ஓட்டியும் காட்டினார். அம்மா பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டபோது முதல் ஏழெட்டு ஃபைல் ஓடின. அதற்கப்புறம் ஒன்றும் ஓடவில்லை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே படம் இல்லை.

பென்டிரைவ் போலி. இதை நீங்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பது சில ஜிபி மட்டுமே பிடிக்கும் சின்ன சிப்பாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் கேட்டால் "நான் 2 டிபி" என்று பொய் சொல்லும்படி அதை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான அளவுக்கு மேல் நீங்கள் எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொண்டதுபோல் காட்டும், எங்கேயும் வைக்காது. ஃபைல்களின் பட்டியல் ஆரம்பப் பகுதியிலேயே எழுதப்பட்டுவிடுவதால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். ஆகவே பட்டியலைக் காட்டினால் நம்பாதீர்கள். கடைசி ஃபைலை, அதிலும் அதன் நடுப்பகுதியை ஓட்டச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன்பே காலி டிரைவைச் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், ஆனால் பொய் தெரிந்துவிடும்.

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் அதிகபட்சம் 4.7 ஜிபிதான் பிடிக்கும். அறுபது டிஸ்க்கும் நிரம்பியிருந்தாலும் 282 ஜிபி. கடையில் பில்லோடு வாங்கிய 500 ஜிபி ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும். இந்த வேலைக்கு 2 டிபி, அதாவது 2000 ஜிபி, எதற்கு?

ஓடிய அந்த ஏழெட்டும் உருப்படியாக இல்லை. ஒன்றரை மணி நேரப் பதிவைச் சில நூறு எம்பிக்குச் சுருக்கியிருந்தார்கள். முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. பழைய சதுரப் படத்தை அகல டிவிக்காக இழுத்துவிட்டதில் ஐயா இருந்ததைவிடப் பருமனாகத் தெரிகிறார். தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்தில்கூட திரையின் கீழே கடையின் போன் நம்பர்! 4கே என்பதும் வெறும் பேச்சு. நம் ஊர் டிவிடியில் படம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே-க்கு 3840-க்கு 2160 வேண்டும், சரியாக இருபது மடங்கு. மிச்சம் பத்தொன்பது பங்கை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். டிஸ்க்கில் இல்லாத முகத்தை யாரும் கொண்டுவர முடியாது.

எனக்குப் பொறுக்க முடியாதது டிஸ்க்குகளை அவர்கள் நடத்திய விதம். படிக்க முடியாதவற்றில் பற்பசை போட்டு வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். டிஸ்க்கில் பதிவு சுருளாகச் சுற்றிப் போவதால், வட்டமான கீறல் ஒரே இடத்தில் நீளமாகப் பதிவை அழித்துவிடும். துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். சில டிஸ்க்குகள் திரும்பி வரவே இல்லை. "ரீட் ஆகலண்ணே, குப்பையில போட்டாச்சு" என்றார் கடைக்காரர். யாரைக் கேட்டுப் போட்டார்? ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது சாதாரணமாக நடப்பது. இந்தத் தொழில் செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வந்த டிஸ்க்குகளைச் சென்னையில் சித்தப்பா மகன் யுஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டு ஏற்றினான். வீட்டு விழா டிவிடியில் பூட்டு எதுவும் இருக்காது. உள்ளே இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே இழுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டால் போதும், விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் ஓடும். பழைய விசிடியாக (வீடியோ சிடி) இருந்தால் எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டரில் .DAT என்று முடியும் ஃபைல் இருக்கும். காப்பி ஆகாமல் மக்கர் செய்தவற்றை மேக்எம்கேவி (MakeMKV) என்ற மென்பொருள் மூலம் எடுத்தான். செல்போனுக்குச் சின்ன ஃபைல் வேண்டுமென்றால் அப்புறம் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் செய்துகொள்ளலாம், மூலத்தைத் தொடாமல். இப்போது சென்னையில் ஒரு ஹார்டு டிஸ்க், தேவகோட்டையில் ஒன்று. பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. தேய்த்தவற்றில் சில இன்னும் நடுநடுவே நின்றுபோகின்றன.

கடையில்தான் கொடுக்க வேண்டியிருந்தால் டிஸ்க்குகளின் மேலிருக்கும் எழுத்தோடு போட்டோ எடுத்துவையுங்கள். முதலில் நாலைந்து மட்டும் கொடுங்கள். சுருக்காமல் அப்படியே ஏற்ற வேண்டும், படிக்காததையும் திருப்பித் தர வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கை நீங்களே கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே இப்படி ஏமாற்றப்பட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். காரைக்குடி, தேவகோட்டைக்குச் சிவகங்கை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாங்கள் பில்லும் அந்தப் பென்டிரைவும் வைத்திருக்கிறோம்.

காணாமல் போனவற்றில் அத்தை கல்யாண டிஸ்க்கும் உண்டு. அதற்குச் சம்பந்தி வீட்டில் ஒரு செட் இருக்கிறது என்றார்கள். வாங்கிவர ஆள் போயிருக்கிறது. நோன்பு டிஸ்க் யாரிடமாவது இருக்கிறதா என்று பங்காளி வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.