வலிப்பு வந்தால் சுகரையும் பாருங்கள்

ஆடி மாதம் டொராண்டோவிலிருந்து தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஊரில் மருத்துவ வசதி எப்படி என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். 108 ஆம்புலன்ஸைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு தனியார் கிளினிக் மேல் மட்டும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மாமாவுக்கு 68 வயது, ரொம்ப வருஷமாக சுகர். நான் போவதற்குச் சில வாரம் முன்பு அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. அந்தக் கிளினிக்கில் தலையை ஸ்கேன் எடுத்து, ஃபிட்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கவில்லை.

ஆடி அமாவாசையன்று மறுபடியும் வந்தது. காலையில் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, காக்காய்க்குச் சோறு வைக்கும்வரை சாப்பிடக் கூடாதென்று விரதம் இருந்திருக்கிறார். 11 மணிவாக்கில் சட்டை நனைய வேர்த்து, ஏதேதோ உளறி, கைகால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று தடுத்து, மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

108-இல் வந்த மருத்துவ உதவியாளர் தங்கச்சி மூச்சைக் கவனித்த கையோடு சுகரும் பார்த்தார். 34! 70-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏறிய சில நிமிடத்தில் மாமா கண்ணைத் திறந்து, "காக்காய்க்கு வச்சாச்சா?" என்றார்.

அரசு மருத்துவமனையில் கொசுவும் கழிவறையும் சொல்லும்படி இல்லை. ஆனால் அந்த டாக்டர் அத்தைக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். மூளை குளுக்கோஸை நம்பித்தான் ஓடுகிறது, சேர்த்து வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. சுகர் ரொம்ப இறங்கினால் வலிப்பு வரும், அதை மட்டும் வைத்துக் காக்காய்வலிப்பு நோய் என்று முடிவு கட்டக் கூடாது. சுகர் மிக ஏறினாலும் சிலருக்கு ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ விட்டுவிட்டுத் துடிக்குமாம். மாத்திரையின் வேகம் தணியும்வரை சுகர் திரும்ப இறங்கலாம் என்று மறுநாள் வரை அங்கேயே வைத்து, இரவிலும் எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள்.

ஃபிட்ஸ் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாதாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் டாக்டரிடம் காட்டி முடிவு செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். சுகர் மாத்திரையின் அளவையும் குறைத்துவிட்டார். அடுத்த விரதத்துக்கு முன்பு தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று மாமாவிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.