புரையை உறையோடு எடுப்பதா, உறையை விட்டுவைப்பதா?

கண்புரை படிந்த, கண்ணின் இயற்கையான லென்ஸை அதன் மெல்லிய உறையோடு முழுதாக எடுத்துவிடலாம். அல்லது உறையின் முன்பக்கத்தைத் திறந்து, உள்ளிருப்பதை வெளியேற்றிவிட்டு, பின்பக்க உறையைக் கண்ணிலேயே விட்டுவைக்கலாம். 1747இல் பிரான்சின் ஜாக் தவியெல் செய்தது இரண்டாவது முறை. அதுவரை பெரும்பாலும், சுசுருத சம்ஹிதை விவரிப்பதுபோல, புரையைக் கருவியால் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவதோடு சரி.

வெறும் அறுவையாகப் பார்த்தால் முழுதாக எடுப்பதே மேலாகத் தெரிந்தது. விட்டுவைத்த உறையில் ஒட்டியிருக்கும் துணுக்குகள் அழற்சியைத் தரும். உறையும் நாளடைவில் மங்கும். 1961இல் போலந்தின் ததேயுஷ் கிர்வாவிச், கடுங்குளிரூட்டிய கருவி நுனியில் லென்ஸை ஒட்டவைத்து இழுக்கும் வழியை வெளியிட்டபின் முழுதாக எடுக்கும் முறை இன்னும் எளிதாயிற்று. ஆனால் லென்ஸை இழந்த நோயாளிக்குக் கிடைத்ததோ சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் பிம்பங்களும் ஒன்றுசேரா.

இந்தக் கணக்கை மாற்றியது செயற்கை லென்ஸ். விமானக் கூரை உடைந்து போர் விமானிகளின் கண்ணில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் எனும் தெளிவான பிளாஸ்டிக் துண்டுகள் பெரிய அழற்சியை உண்டாக்காததைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பொருளாலான லென்ஸைப் பொருத்தினார். அதைத் தாங்கியது, விட்டுவைத்த அந்தப் பின்னுறைதான். கனமான அந்த லென்ஸ் சிலருக்கு நழுவியது. முதல் நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வையும் வந்தது. உறையை இழந்த கண்களிலோ லென்ஸை வைக்க இடமே இல்லை. கதிராளிக்கு (கண்மணியைச் சூழ்ந்த நிற வளையம்) முன்னால் வைத்தார்கள், அதன்மேல் கவ்வவும் விட்டார்கள். கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) கெட்டு, பல லென்ஸ்களைத் திரும்ப எடுக்க நேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் வளைகம்பிகள் கொண்ட, கதிராளிக்குப் பின்னால் பொருந்தும் பின்னறை லென்ஸ்கள் வந்தபோது உறையை விட்டுவைக்கும் முறை வென்றது. பின்னர் மங்கும் உறையைத் திறக்கவும் யாக் லேசர் சில நிமிடங்களில் வழிசெய்தது.

அடுத்த போட்டி வென்ற முறைக்குள்ளேயே எழுந்தது. 1967இல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த பேக்கோ, மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்ச, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீறலே போதும். ஆனாலும் மடங்கும் லென்ஸ் வரும்வரை, விறைப்பான லென்ஸுக்காக அந்தக் கீறலை 6 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தது; பாதிப் பயன் அங்கேயே போயிற்று. இதற்குப் போட்டியான, தையலில்லாத கைமுறைச் சிறுகீறல் அறுவைக்கு 6 முதல் 7 மில்லிமீட்டர் வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டாம். மென்மையான புரைக்குப் பேக்கோவே சிறந்தது என்றாலும், முற்றிக் கல்லாகிவிட்ட புரையில் நெடுநேர மீயொலி கருவிழியின் உட்செல்களை வாட்டும் என்பதால், அங்கே கைமுறையை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது தவறு.