நாலு டப்பா பெல்லட்டும் பேத்தியின் ஏர் ரைபிளும்

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன். எந்தக் குண்டு வாங்குவது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. கோத்தில், அதாவது ஆயுத அறையில், கையெழுத்துப் போட்டால் ரைபிள் வரும், தோட்டாவை எண்ணித் தருவார்கள். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தால் கம்பெனியே குனிந்து புல்லைத் தடவும். முதலில் 7.62 மில்லிமீட்டர், இன்சாஸ் ரைபிள் வந்த பிறகு 5.56. நாம் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

அப்படிப்பட்ட நான் இந்த வயதில், ஒன்பதாவது படிக்கும் பேத்திக்காக, அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டைத் தேடி வேலூர் முழுக்க அலைந்தேன். எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்று பேர் வாங்கிய ஊர். இங்கே துப்பாக்கியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் யோசனை கிடைக்கும், பெல்லட் மட்டும் கிடைக்காது.

பேத்தியிடம் இருப்பது இந்தியாவில் செய்த சாதாரண ஏர் ரைபிள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும், பெல்லட்டைக் குழலின் பின்வாயில் சொருகி நிமிர்த்திச் சுட வேண்டும். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலம். 2016 ஆயுத விதிகளின்படி குழல் இதற்கு மேல் போனாலோ, குண்டு வெளியேறும் வேகத்தில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ லைசென்ஸ் வேண்டும். எங்களுடையது அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆனாலும் லைசென்ஸ் வேண்டாத பொருளை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. மைனா, கொக்கு, வயலுக்கு வரும் மயில் என்று எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது என்பது வீட்டில் முதல் நாளே போட்ட சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

முதலில் வேலூர் டவுனில் மூன்று விளையாட்டுச் சாமான் கடை ஏறினேன். ஒரு கடையில் பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்து வைத்தார்கள். அடுத்த கடைப் பையன், "சைக்கிள் பால்ரஸ் போட்டுப் பாருங்க சார், அதுவும் உருண்டைதான்" என்றான். நல்ல பையன், கேட்டதற்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்ற எண்ணம். ஆனால் எஃகு உருண்டையை, உள்சுவரில் திருகு மாதிரி மரை வெட்டின குழலுக்குள் விட்டால் மரை தேய்ந்துபோகும். சுவரில் பட்டால் சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். யாரும் செய்யாதீர்கள். மூன்றாவது கடையில் தூசி படிந்த ஒரு டப்பா இருந்தது. உள்நாட்டுச் சரக்கு, விலை குறைவு. பெயர் சொல்லப் போவதில்லை. வாங்கிக்கொண்டு கண்ணமங்கலம் வண்டி ஏறினேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சரியாகப் பத்து மீட்டர் அளந்து வைத்திருக்கிறோம். பின்னால் மணல் மூட்டை, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். காலை ஆறு மணிக்கு வெயிலும் காற்றும் இல்லாத நேரத்தில், ரைபிளை மூட்டை மேல் தாங்க வைத்து நானே பத்துக் குண்டு சுட்டேன். பேத்தியின் கை ஆடுகிறது என்று இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் சுட்டதும் பத்து ஓட்டைகள் 31 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடந்தன. சர்வதேச ஏர் ரைபிள் இலக்கில் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பத்துக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, காகிதத்தை மட்டும் என் முன்னால் நீட்டினாள்.

அன்றைக்கு சாயங்காலம் அந்த டப்பாவிலிருந்து இருபது பெல்லட்டைத் துணியில் முடிந்துகொண்டு லாங் பஜார் பக்கம் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் போனேன். மில்லிகிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு அவரிடம்தான் உண்டு.

"இன்னா மிலிட்டரி, பேத்திக்குத் தோடு பண்ண வர்றீங்கன்னு பார்த்தா, ஈயத்தைக் கொண்டாந்து கொட்றீங்க?" என்றார்.

ஒவ்வொன்றாகச் சாமணத்தில் எடுத்து வைத்தார். முதலாவது 0.49 கிராம். அடுத்தது 0.53. அப்புறம் 0.51, 0.47. ஆறாவதிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இப்படிக் குண்டுமணி பண்ணா கஸ்டமரு அடிக்க வந்துருவாங்க." சொல்லிக்கொண்டே கண்ணாடி லென்சைக் கண்ணில் சொருகி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெல்லட்டின் உருவம் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் தலை, பின்னால் உள்ளே குடைந்த பாவாடை. காற்றழுத்தம் அந்தப் பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்ட வைக்கும், மரையும் அதைப் பிடித்துச் சுழற்றும். இந்த டப்பாவில் நாலில் ஒன்றுக்குப் பாவாடை நசுங்கியிருந்தது. இரண்டின் தலையில் அச்சு ஒட்டின இடத்தில் பிசிர் நீட்டிக்கொண்டு நின்றது. கூலி வேண்டாம் என்றுவிட்டு டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. என் தாத்தாவிடம் லைசென்ஸ் போட்ட நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறாமல் இருக்க வைத்திருந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். குழல் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்து, அதன்மேல் ரவைக் குண்டுகளைப் போட்டு மறுபடியும் நார். நார் தளர்வாக இருந்தால் சத்தம்தான் வரும், ரவை பத்தடியில் உதிர்ந்துவிடும் என்பார். என் மச்சினர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியையே நவீனமாகச் செய்து மான் வேட்டைக்கு விற்கிறார்களாம். .50 அங்குலக் குழலுக்குள் .45 அங்குலக் குண்டு, இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் சட்டை. சட்டை தளர்ந்தால் குறி சிதறும், இறுகினால் கெட்டிக்கிற கோலின் மேல் ஏறித் தொங்க வேண்டும், சரியான ஜோடி கிடைக்க ஏழெட்டு வகை வாங்கிப் பார்த்தேன் என்று போனில் புலம்பினான். தாத்தாவின் தேங்காய் நாரைத்தான் அவன் கடையில் காசு கொடுத்து வாங்குகிறான் என்று சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். அடுத்து ஆன்லைனில் தேடினேன். ஆதார் நகல் கேட்டார்கள், அனுப்பினேன். கூரியர்காரர்கள் மூன்று நாள் தொடர்ந்து 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் அனுப்பினார்கள். மூன்று நாளும் நான் திண்ணையிலேதான் உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் கணியம்பாடிக்கே போய் வாங்கி வந்தேன். ஒரு டப்பா மூலையில் அடிபட்டிருந்தது. திறந்தால் மேல் வரிசை முழுக்கப் பாவாடை கோணல். ஈயம் அவ்வளவு மெத்து, நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அதற்குப் பிறகு சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் நேரே கடையில் வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டு வருகிறான். வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி இதுதான்.

அவன் கொண்டு வந்தவை மூன்று. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். மைஸ்டர்குகெல்ன், 0.53 கிராம். அதே கம்பெனியின் ஹாபி, 0.45 கிராம். செக் நாட்டு ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட், 0.547 கிராம். முதல் இரண்டும் தட்டைத் தலை, மூன்றாவது உருண்டைத் தலை. கூர்த் தலையும் சந்தையில் உண்டு. பார்க்கத்தான் மிரட்டலாக இருக்கும், பத்து மீட்டர் காகித இலக்குக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தட்டைத் தலை காகிதத்தைப் பஞ்ச் மிஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வராது. போட்டிகளில் எல்லோரும் அதையே போடுவது அதனால்தான். உருண்டைத் தலை காற்றைக் கிழித்துத் தூரம் போவதற்கு. 25 மீட்டர், 50 மீட்டர் சுடுகிறவர்கள் அதை வாங்கலாம்.

எடையைப் போலவே தலையின் அளவும் முக்கியம். நல்ல கம்பெனி டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று ஒட்டியிருப்பார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று நானும் நினைத்தேன். ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆன நண்பர் மைக்ரோமீட்டரோடு வந்தார். அளந்து பார்த்ததில் ஜெர்மன் டப்பாவில் எடுத்ததெல்லாம் ஒட்டின அளவிலேயே நின்றது. பழைய டப்பாவில் ஏழு பெல்லட்டுக்கு ஐந்து அளவு. மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் கண்ணாடிப் பலகை ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். பாவாடை பெரிது, தலை சிறிது என்பதால் பெல்லட் நேராகப் போகாது, வளைந்து போகும். நல்ல சரக்கு எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் விழும். பேத்தி ஞாயிற்றுக்கிழமை பூராவும் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தாள். பழைய டப்பாக் குண்டுகள் கல்யாண வீட்டு வாண்டுகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் ஓடின.

சுட்டுப் பார்த்த கணக்கு. புது டப்பா திறந்ததும் முதல் இருபது முப்பது குண்டை நான் எண்ணுவதில்லை, குழல் அந்த ஈயத்துக்குப் பழக வேண்டும். அதற்கப்புறம் பத்துப் பத்தாக மூன்று தடவை. மைஸ்டர்குகெல்ன் 4.50 தலை, மூன்று தடவையும் 12 மில்லிமீட்டருக்குள். ஹாபி 15. ஜே.எஸ்.பி. 13, ஓட்டையின் ஓரத்தை வைத்து அளப்பது மட்டும் கொஞ்சம் சிரமம். இவற்றைவிட விலை கூடின போட்டிச் சரக்கு டப்பா ஒன்றையும் மகனின் நண்பர் கொடுத்தார். எங்கள் குழலில் அது 19 மில்லிமீட்டர். அதில் பெல்லட்டின் மேல் குற்றமில்லை. சொருகும்போதே தெரிந்தது, கட்டைவிரலை வைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. தலை எங்கள் குழலுக்குச் சின்னது. மைஸ்டர்குகெல்னைச் சொருகினால் மெல்லிய ஒரு பிடி தெரியும், பட்டன் காஜாவுக்குள் போகிற மாதிரி. இப்போதெல்லாம் பேத்தி சுடுவதற்கு முன்னாலேயே விரலில் உணர்ந்து, "இது வேணாம் தாத்தா" என்று ஒதுக்கிவிடுகிறாள்.

விலை விஷயம். உள்நாட்டு டப்பாவைப் போல மூன்று நாலு மடங்கு ஆகிறது. போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 60 குண்டு. 500 உள்ள டப்பா எட்டுச் சுற்றுக்கு வரும். தினமும் பழகுகிற பிள்ளைக்கு இது கட்டாது. அதனால் நின்று பழக, மூச்சை அடக்கிப் பழக, விசையை மெதுவாக இழுத்துப் பழக ஹாபி. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் மார்க் போடும்போது மட்டும் மைஸ்டர்குகெல்ன். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே 4.5 மில்லிமீட்டர் ஈயம்தான் என்று பேத்தி சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் ரைபிள் விலைக்கு நாங்கள் இரண்டு கறவை மாடு வாங்கலாம் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஈயம் கையில் கறுப்பாக ஒட்டும். ஒருநாள் பேத்தி ஒரு கையில் பெல்லட்டும் மறு கையில் முறுக்குமாக நின்றதை என் மனைவி பார்த்துவிட்டாள். ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே போக விடவில்லை. அவள் கோபம் நியாயம், ஈயம் உடம்புக்கு விஷம், பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். இப்போது கொட்டகை வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும் உண்டு, கை கழுவாமல் வீட்டுப் படி ஏற முடியாது. வெள்ளீயத்தில் செய்த, ஈயம் கலக்காத பெல்லட்டும் இருக்கிறது. எடை ரொம்பக் குறைவு, விலை இன்னும் கூட. நாங்கள் வாங்கிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, ஒரே பேர், ஒரே அளவு என்றாலும் தயாரித்த தொகுதி மாறினால் குறி லேசாக நகரும். டப்பாவின் அடியில் தொகுதி எண் போட்டிருப்பார்கள். பேத்தி அதை ரஃப் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். மகன் பொங்கலுக்கு வரும்போது அதே எண்ணில் மூன்று டப்பா வேண்டும் என்று போட்டோ எடுத்து அனுப்பியாகிவிட்டது. "கடைக்காரர் இருக்குன்னு சொன்னாரா?" என்று நேற்றிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள்.